செம்புராங்கல்லில் இச்சி: செடிக்கு முன்னால் கல்லுக்குச் செய்ய வேண்டியவை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பறந்தது, கல் மேல் போன்சாயாக, அதாவது குள்ள மரமாக, வளர்த்த இச்சி மரம். கல் இருந்த இடத்திலேயே இருந்தது. மரத்தைப் பிடித்திருந்த நான்கு கம்பிகளும் ஆடுகிற பல் கழன்ற மாதிரி கழன்று வந்திருந்தன. நான்கு வருடம் வளர்த்த செடி பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் கிடந்தது. ஈரக் கல்லில் கம்பியை ஒட்டியது என் அவசரம்தான்.

கல்லில் போன்சாய் வைப்பது இரண்டு வகை. ஜப்பானியர்கள் செகிஜோஜு என்பதில், வேர் கல்லைக் கவ்வி இறங்கிக் கீழே தொட்டி மண்ணுக்குள் போய்விடும்; கல்லில் வரிவரியாகப் பள்ளம் இருந்தால் போதும். இஷிட்சுகி என்பதில் மரம் கல்லிலேயே குடியிருக்கும். மண்ணைத் தாங்குவதும் மரத்தைப் பிடித்துக்கொள்வதும் கல்லின் வேலை. நான் சொல்லப் போவது இதற்கு.

புதுக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கிடைப்பது செம்புராங்கல். கருங்கல் பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் குடிக்காது, சித்திரை வெயிலில் தோசைக்கல் போலக் காயும். செம்புராங்கல்லில் இயற்கையாகவே துளைகள் உண்டு. என்னிடம் இருக்கும் கல் காய்ந்தபோது எட்டரைக் கிலோ. ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு எடுத்தால் ஒன்பது கிலோ முந்நூறு கிராம். அந்த எண்ணூறு கிராம்தான் மதிய வெயிலில் வேரைக் காப்பாற்றுகிறது.

ஒரு விஷயம்: இந்தக் கல் பூமியிலிருந்து வெட்டியெடுத்த புதிதில் மென்மையாக இருக்கும், காற்றும் வெயிலும் பட்டுத்தான் இறுகும். அதனால் புதிதாக வெட்டியதை எடுக்காதீர்கள். என் கல் மாமா வீட்டுக் கிணறு வெட்டியபோது மேலே போட்டது, பத்து வருடமாக வேலியோரம் கிடந்தது. சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காவிட்டாலும் பரவாயில்லை, சட்டி விரிசல் விட்ட சத்தம் வந்தால் வேண்டாம். காட்டிலிருந்தும் ஆற்றிலிருந்தும் கல் தூக்கி வராதீர்கள். கடற்கரைக் கல்லில் உப்பு இருக்கும், அதுவும் வேண்டாம்.

முதலில் குளிப்பாட்டல். துளைகளுக்குள் வெள்ளையும் மஞ்சளுமாகக் களிமண் அடைந்திருக்கும். பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்த்து, ஓஸ் பைப்பைப் பிடித்து, சிவப்புத் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். எறும்பும் பூச்சியும் போக மூன்று நாள் வாளியில் ஊறப் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பூச்சி சாகட்டும் என்று அடுப்பில் வைக்க வேண்டாம். உள்ளே ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கும்.

அப்புறம் ஒரு வாரம் கல்லைச் சும்மா கண்ணில் படும் இடத்தில் வைத்திருந்தேன். காபி குடிக்கும்போதெல்லாம் ஒருமுறை திருப்பி வைப்பேன். முகம் எது, முதுகு எது என்று தெரியாமல் துளை போட்டால் பிறகு வருத்தப்படுவீர்கள். முடிவானதும் டைல்ஸ் மேல் நிறுத்தி, ஆடினால் அடியை மட்டும் கிரைண்டரில் சமமாக்குங்கள். தூசி நுரையீரலுக்கு ஆகாது: கல்லை நனைத்துவிட்டுக் கையால் இயங்கும் அரமோ உளியோ போதுமென்றால் அதையே பயன்படுத்துங்கள், மெஷின் என்றால் நல்ல முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம்.

மரம் உட்காரும் குழியை, பத்து எம்எம் பிட்டால் நெருக்க நெருக்கமாகத் துளை போட்டு, இடையில் நிற்பதை உளியால் தட்டி எடுக்கலாம். டீ டம்ளர் அளவு போதும். ட்ரில்லை ஹேமரில் (அடித்து அடித்துத் துளைக்கும் நிலையில்) வைக்காதீர்கள். முதல் கல்லை நான் அப்படித்தான் இரண்டாகப் பிளந்தேன். அடியில் பழைய டயரோ மணல் மூட்டையோ இருக்கட்டும். விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடையாவது தள்ளித் துளையிடுங்கள். குழியின் அடியிலிருந்து சாய்வாக வெளியே ஒரு வடிகால் துளை. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், குளமாக நின்றால் இன்னும் கீழிருந்து போட வேண்டும்.

இனி மரத்தைக் கல்லோடு கட்டுகிற கம்பி. நான் முப்பது வருடம் மோட்டார் காயில் கட்டியவன், அதனால் 18 கேஜ் வைண்டிங் கம்பி கைக்கு வந்தது. அதன் மேல் வார்னிஷ் வழவழப்பு இருப்பதால் ஒட்டும் இடத்தில் எமரித் தாளால் தேய்க்க வேண்டும். அலுமினியக் கம்பியும் ஆகும். குழியைச் சுற்றி ஆறு இடத்தில், ஆறு எம்எம் பிட்டால், ஒன்றரை செண்டிமீட்டர் ஆழம். பிட்டில் ஒரு டேப் சுற்றி அடையாளம் வைத்தால் ஆழம் மாறாது. ஜப்பானில் பழைய முறை, துளைக்குள் கம்பியோடு ஈயத் துண்டை வைத்து அடித்து இறுக்குவது. நாம் எம்-சீல் (இரண்டு பசையைப் பிசைந்து ஒட்டுவது) வைப்போம்.

ஆனால் அதற்கு முன் கல் காய வேண்டும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். என் மரம் பறந்ததே இதனால்தான். பங்குனி வெயிலில் நான்கு நாள் வைத்தேன். சைக்கிள் பம்பால் துளைத் தூளை ஊதித் தள்ளி (வாயால் ஊதினால் கண்ணுக்குள் வரும்), ஒரு முழக் கம்பியை நடுவில் மடித்து, மடிப்பை உள்ளே விட்டு எம்-சீலை அழுத்தி நிரப்புங்கள். காயும் முன் செம்புராங்கல் தூளை மேலே தூவிவிட்டால் ஒட்டிய இடமே தெரியாது. மறுநாள் ஒவ்வொரு கம்பியையும் குறடால் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். என் ஆறில் ஒன்று வந்துவிட்டது, திரும்ப ஒட்டினேன்.

நடுவதற்கு முந்தின ராத்திரி கல்லை ஊற வையுங்கள். கண்மாய் வண்டல் இரண்டு பங்கு, சலித்த தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, அதிரச மாவுப் பதத்தில் பிசைந்து குழியில் அப்புங்கள். நான் இந்த முறை ஆடி போகட்டும் என்று ஆவணி கடைசிவரை காத்திருந்துதான் இச்சியைத் தொட்டியிலிருந்து எடுத்தேன்.