மலேசியாவின் பினாங்கிலிருந்து லங்காவிக்குப் பாய்விரித்து, படகைக் கட்டிவிட்டுப் பொங்கலுக்கு ஊர் வருவது எப்படி?

"அண்ணா, அடுத்த வருஷம் நானும் படகுல வரட்டுமா?" என்று காட்பாடியில் சித்தி மகன் கேட்டான். அவனுடைய மொத்தக் கடல் அனுபவம், ஏலகிரி புங்கனூர் ஏரியில் மிதிபடகு ஓட்டியதுதான். பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்கள் நாங்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். அவனைப் போன்றவர்களுக்காக இது.

எங்களுடையது 32 அடிப் பழைய பாய்மரப் படகு. நண்பரும் நானும் பங்கு. பினாங்கில் நங்கூரத்தில் நிற்கும். மூன்று வாரம் ஆளில்லாமல் அப்படி விட முடியாது என்பதால், லங்காவியில் மரினா எனப்படும் படகுத்துறையில் கட்டிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவோம்.

முதல் படி: விமான டிக்கெட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

10ஆம் தேதி விமானம் என்றால் 6ஆம் தேதிக்குள் லங்காவி போய்ச் சேர வேண்டும். கையில் டிக்கெட் இருந்தால் மோசமான வானிலைகூட "பரவாயில்லை" என்று தோன்றும். இந்தப் பயணத்தில் ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நடுவில் நான்கு நாள் இருந்தால், காற்று சரியில்லாத அன்று டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

இரண்டாம் படி: தூரமும் நேரமும்

ஏறக்குறைய 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; ஆக சுமார் 110 கி.மீ. வேலூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூரைச் சற்றுத் தாண்டும் தூரம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் படகுக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஜனவரியில் அங்கே விடிவதே ஏழு மணிக்கு மேல். இருட்டுவதும் மாலை ஏழுக்குப் பிறகுதான். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரலாம். தெரியாத இடத்துக்குள் இருட்டில் நுழையவே வேண்டாம்.

மூன்றாம் படி: கிளம்புவது

என்ஜினைப் போட்டதும் படகின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். புகைக்குழாயிலிருந்து கடல்நீர் விட்டுவிட்டுத் துப்ப வேண்டும். அதுதான் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர். வரவில்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். படகிலுள்ள விஎச்எஃப் ரேடியோ, அவசர அழைப்புக்கான 16ஆம் சானலில் இருக்கட்டும். கரையில் ஒருவருக்கு, எத்தனை மணிக்குச் சேர்வோம் என்று சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: கடலில்

இந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து வரும். கிழக்கே நிலம் மறைப்பதால் அலை அதிகம் எழும்பாது. காலையில் நன்றாக ஓடிய பாய் நண்பகலில் தொங்கிப்போவது சகஜம். அப்போது வெட்கப்படாமல் என்ஜினைப் போடுங்கள். "பாயைச் சுருக்கலாமா?" என்ற நினைப்பு வந்தால், அதுதான் சுருக்க வேண்டிய நேரம்.

கண் மட்டும் தண்ணீர் மேலேயே இருக்கட்டும். வழியெல்லாம் மீன்வலைகள், சிறு கொடி கட்டிய மிதவைகள்தான் அடையாளம். வலைக்கயிறு படகுக்கு அடியில் சுழலும் புரொபெல்லரில் சுற்றினால் என்ஜின் நின்றுவிடும்.

முற்பகலில் வலப்பக்கம் ஜெராய் மலை தெரியும். 1,200 மீட்டருக்கு மேல் உயரம். பழங்கால மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். அதன் அடிவாரம்தான் கடாரம். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த இடம். நம் பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் பள்ளிப்படை (நினைவுக் கோயில்) இருக்கிறதே, அந்த அரிஞ்சய சோழனின் கொள்ளுப்பேரன்தான் ராஜேந்திரன். இதைச் சொன்ன பிறகுதான் தம்பிக்குக் கதையில் சுவாரசியம் வந்தது.

ஐந்தாம் படி: படகை விட்டு வருவது

இதற்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். பாய்களைக் கழற்றி, காயவைத்து, உள்ளே வையுங்கள். டீசல் டேங்கை நிரப்புங்கள். காலியிடம் இருந்தால் உள்ளே நீர் வியர்க்கும். கட்டும் கயிறுகளை இரட்டையாகப் போட்டு, உரசும் இடத்தில் பழைய தோட்டத்துப் பைப்பை நறுக்கி மாட்டுங்கள். கழிவறைக்கும் சிங்க்குக்கும் கடல்நீர் வரும் வால்வுகளை மூடுங்கள். மூடிய ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுங்கள். இல்லாவிட்டால் மாட்டுப்பொங்கலன்று மாடு குளிப்பாட்டும்போது "மூடினோமா?" என்ற சந்தேகம் வரும்.

படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப்பை மட்டும் தானியங்கியில் விடுங்கள். ஈய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஃப்ரிட்ஜ். ஒரு வருஷம் அதை அணைத்து, கதவையும் இறுக்கி மூடிவிட்டு வந்தேன். உள்ளே அரை டப்பா தோசைமாவு. மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது மூடி ஒரு மூலையில் கிடந்தது. சுவரெல்லாம் சாம்பல் பூஞ்சை. நண்பர் படகை விட்டு இறங்கி, மரத்துறையில் நின்றபடிதான் என்னிடம் பேசினார். இப்போதெல்லாம் கதவு இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகிவிட்டு, மீதி மாவைப் பக்கத்துப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு, சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.