கிணற்று மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் பிரஷர் சுவிட்ச்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் வீட்டில் மாடித் தொட்டி இல்லை. கிணற்றுத் தண்ணீர் 20 அடியில் நிற்கிறது. மேலே 1 ஹெச்.பி. மோட்டார், பக்கத்தில் 24 லிட்டர் பிரஷர் டேங்க், குழாயில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதுதான் பிரஷர் சுவிட்ச். குழாயைத் திறந்தால் மோட்டார் ஓடும், மூடினால் கொஞ்ச நேரத்தில் நிற்கும்.

ஒருநாள் அந்தப் பெட்டி "டக் டக்" என்று நொடிக்கொரு தரம் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. சுவிட்ச் போய்விட்டது என்றார் வந்த மெக்கானிக். மாற்றினோம். நான்கே நாளில் மறுபடியும் டக் டக். இன்னொன்று மாற்றினோம். கடைசியில் பார்த்தால் சுவிட்ச் மேல் ஒரு குற்றமும் இல்லை, டேங்க்கில் காற்று இல்லை! அந்த இரண்டு சுவிட்ச் காசு உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

நீங்கள் குழாயைத் திறந்தது சுவிட்சுக்குத் தெரியாது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அழுத்தம் ஒன்றுதான். அடியில் உள்ள சின்னத் துளை வழியாகக் குழாய்த் தண்ணீர் ஒரு ரப்பர் சவ்வை மேலே தள்ளுகிறது. மேலிருந்து ஒரு ஸ்பிரிங் அதைக் கீழே அமுக்குகிறது. தண்ணீர் ஜெயித்தால் கான்டாக்ட் (மோட்டாருக்குக் கரண்ட் போகும் உலோக முனைகள்) விலகி மோட்டார் நிற்கும். ஸ்பிரிங் ஜெயித்தால் கான்டாக்ட் ஒட்டி மோட்டார் ஓடும்.

எங்கள் வீட்டில் 1.4 கிலோ அழுத்தத்தில் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு) ஓடத் தொடங்கி 2.8 கிலோவில் நிற்கும். டயருக்குக் காற்றடிக்கும் கணக்கில் சொன்னால் 20 பாயின்ட் (பி.எஸ்.ஐ.), 40 பாயின்ட். 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் 1 கிலோ என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சரி, டேங்க் எதற்கு? தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். டேங்க்கினுள் ரப்பர் பைக்குள் தண்ணீர், பைக்கு வெளியே காற்று. மோட்டார் நின்றபின் அந்தக் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளுகிறது. 24 லிட்டர் டேங்க் என்றாலும், இந்த 1.4–2.8 கணக்கில் மோட்டார் ஓடாமல் கிடைப்பது சுமார் 8 லிட்டர்தான், அரை வாளி. காற்று போய்விட்டால் அந்த அரை வாளியும் இல்லை. ஒரு குவளை பிடிப்பதற்குள் 2.8 கிலோ 1.4 ஆகிவிடும், மோட்டார் ஓடிய மறுநொடியே திரும்ப 2.8. அந்த டக் டக் இதுதான்.

படி 1: கேஜைப் பாருங்கள்

கேஜ் என்பது அழுத்தத்தை முள்ளால் காட்டும் மீட்டர். ஒரு குழாயை மட்டும் மெதுவாகத் திறந்துவிட்டு, முள் எந்த எண்ணில் இருக்கும்போது மோட்டார் ஓடுகிறது, எதில் நிற்கிறது என்று எழுதி வையுங்கள்.

படி 2: டேங்க் காற்றைச் சரிபாருங்கள்

எம்சிபியை, அதாவது மோட்டாருக்கு வரும் கரண்டை நிறுத்தும் சுவிட்சை, இறக்குங்கள். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை தண்ணீரை வடித்துவிடுங்கள். அப்போதுதான் காற்றின் உண்மையான அளவு தெரியும், பலர் தவறுவது இங்கேதான். டேங்க்கின் மூடியைத் திருகினால் உள்ளே கார் டயரில் இருப்பதுபோலவே ஒரு வால்வு. டயர் கேஜை வைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பாயின்ட் குறைவாக, அதாவது எங்கள் வீட்டில் 18 பாயின்ட் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் சைக்கிள் பம்ப் போதும். வால்வை அமுக்கும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். பையை மாற்றியே ஆக வேண்டும்.

படி 3: மூடியைத் திறந்து பாருங்கள்

எம்சிபி இறங்கியே இருக்கட்டும். டெஸ்டர் வைத்தும் ஒருமுறை பாருங்கள், மூடிக்குள் எல்லாமே திறந்த கம்பிதான். கான்டாக்ட் கருகியிருக்கிறதா? எறும்பு இருக்கிறதா? சிரிக்காதீர்கள், இரண்டு கான்டாக்டுக்கு நடுவே எறும்பு நசுங்கி, மோட்டார் ஓடாமல் போவது சகஜம். அடித்துளையில் சேறு அடைத்தால் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது.

படி 4: தேவையென்றால் மட்டும் திருகுங்கள்

பெரும்பாலான சுவிட்சில் பெரிய ஸ்பிரிங், சின்ன ஸ்பிரிங் என்று இரண்டு இருக்கும். பெரியதன் நட்டை இறுக்கினால் இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறும். சின்னதை இறுக்கினால் நிற்கும் எண் மட்டும் ஏறும். அரைச் சுற்று திருகி, மூடியைப் போட்டு, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த அரைச் சுற்று. ஓடத் தொடங்கும் எண்ணை மாற்றினால் டேங்க் காற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

ஷவர் நன்றாகக் கொட்டட்டும் என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். மோட்டார் தகட்டில் அதிகபட்ச ஹெட் (தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்) 40 மீட்டர் என்றிருந்தால், கிணற்றிலிருந்து இழுக்கும் 6 மீட்டரைக் கழியுங்கள். மீதி 34, அதாவது 3.4 கிலோ. நிற்கும் எண்ணை 3.5 என்று வைத்தால் மோட்டார் நிற்கவே நிற்காது, சூடேறிக் கருகும். கோடையில் தண்ணீர் இன்னும் இறங்கும், அதற்கும் இடம் விடுங்கள்.

த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால் கம்பியை நேராகச் சுவிட்சில் கொடுக்கக் கூடாது, ஸ்டார்ட்டரின் காயில் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ராத்திரியில் தானாக ஓடினால்

யாரும் குழாயைத் திறக்கவில்லை, ஆனாலும் 2 மணிக்கு மோட்டார் ஓடுகிறதா? டேங்க்குக்கு அப்புறம் வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, கேஜை அரை மணி நேரம் கவனியுங்கள். முள் அப்படியே நின்றால் கசிவு வீட்டுக்குள்ளே, பெரும்பாலும் கக்கூஸ் ஃபிளஷ் டேங்க்கில்தான். முள் இறங்கினால் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகிறது, ஃபுட்வால்வை (கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு) மேலே எடுத்துப் பாருங்கள்.