இன்னோவாவில் டீசல் ஃபில்டர் மாற்றுவது: சின்ன ஓ-ரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள்

எங்கள் வீட்டு இன்னோவா 2010 மாடல், 2.5 லிட்டர் டி-4டி டீசல் இன்ஜின். மீட்டரில் 3,12,000 கி.மீ. போன ஆண்டு டீசல் ஃபில்டரை நானே மாற்றினேன். வண்டி உடனே கிளம்பியது, பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் காலை, பிள்ளைகள் பள்ளிப் பையோடு ஏறி உட்கார்ந்திருக்க, நாலு முறை செல்ஃப் அடித்த பிறகே இன்ஜினுக்கு உயிர் வந்தது. பகலெல்லாம் ஒழுங்காக எடுத்தது. அடுத்த நாள் காலை மறுபடியும் இழுத்தடித்தது. பாட்டரிதான் என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாளும் அதே கதை. “அதற்கும் வயதாகிவிட்டது, விடு” என்றார் அம்மா.

குற்றவாளி என் மேசை டிராயரில் கிடந்தது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

வேலையை இன்ஜின் ஆறிய பிறகு தொடங்குங்கள். ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். தலையில் கைப்பம்பு வைத்த டப்பா அது ஒன்றுதான். சுற்றியிருக்கும் மண்ணை முதலில் பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிடுங்கள். கீழே ஒரு டப்பாவை வையுங்கள். அடியில் உள்ள தண்ணீர் சென்சாரின் (டீசலில் தண்ணீர் சேர்ந்தால் காட்டிக்கொடுப்பது) ஒயரைக் கழற்றி, வடிகால் திருகைத் தளர்த்தி டீசலை வடியவிடுங்கள். டீசலுக்கென்று செய்யாத ரப்பரில் டீசல் பட்டால் ஊறிக் கெட்டுவிடும்; எனவே பெல்ட், ஓஸ் எல்லாவற்றின் மீதும் பனியன் துணியைப் போர்த்திவிடுவது நல்லது.

ஃபில்டரைக் கழற்றப் பட்டை வைத்த ரெஞ்ச்தான் என் தேர்வு. ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருகும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. தகரம் கிழிந்துவிட்டால் பிறகு பிடிப்பதற்கே இடம் இருக்காது.

இனிதான் நான் சறுக்கிய இடம். சென்சார் புது ஃபில்டரோடு வராது. பழையதன் அடியிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்ட வேண்டும். நான் வாங்கிய பெட்டியில் பெரிதும் சிறிதுமாக இரண்டு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இருந்தன. பெரியதை மேலே போட்டேன். சிறியதை உபரி என்று நினைத்து டிராயரில் போட்டுவிட்டு, சப்பையாகிப் போன பழைய வளையத்தோடே சென்சாரைத் திருகினேன். அந்தச் சிறியது சென்சாருக்கானது!

ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லையே என்று கேட்கலாம். சிந்தாது. இந்த இன்ஜினில் டீசலைத் தொட்டியிலிருந்து இன்ஜின் பக்கத்துப் பம்புதான் ஃபில்டர் வழியாக உறிஞ்சி இழுக்கிறது. எனவே ஓட்டத்தில் ஓட்டை வழியே டீசல் வெளியே வருவதில்லை. காற்று உள்ளே போகிறது. இரவெல்லாம் நிற்கும்போது அதே வழியாகக் காற்று புகுந்து, குழாயில் நிற்கும் டீசல் தொட்டிக்கே இறங்கிவிடுகிறது. காலையில் செல்ஃப் அடிப்பதெல்லாம் அதைத் திரும்ப மேலே இழுக்கத்தான். பாட்டரி பாவம்.

இரண்டு வளையங்களிலும் டீசல் தடவுங்கள். சென்சாரும் வடிகால் திருகும் பிளாஸ்டிக். கையால் மட்டும் இறுக்குங்கள். ஃபில்டரை வளையம் தொடும் வரை திருகி, அதற்குமேல் முக்கால் சுற்று. போதும்.

புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பிவிட்டுப் பூட்டலாமா? சிலர் செய்கிறார்கள்; நான் மாட்டேன். நடுத்துளை வழியே ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேரே இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் மூக்கு) பக்கம் போய்விடும். கைப்பம்பு இருக்கும்போது அந்த அவசரம் எதற்கு? கல் மாதிரி இறுகும் வரை அமுக்குங்கள். எனக்கு ஐம்பது அறுபது முறை ஆனது. அமுக்கிக்கொண்டே டார்ச் அடித்து அடியில் பாருங்கள். அழுத்தம் உள்ளே இருக்கும் இந்த நேரத்தில்தான் கசிவு கண்ணில் படும். என் சென்சாரின் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளி மினுங்கியதை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

காற்றை எடுக்க இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்துவது பழைய லாரிப் பழக்கம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இது போன்ற காமன் ரெயில் இன்ஜினில் அதை நினைக்கவே கூடாது. டயரில் இருக்கும் அழுத்தம் இரண்டு பார் சொச்சம். இந்தக் குழாயில் இன்ஜின் ஓடும்போது ஆயிரம் பாரையும் தாண்டலாம். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு போகும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகப் பூட்டியும் காலையில் இழுக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மூன்று லட்சம் ஓடிய வண்டியில் டீசல் ஓஸ் கிளிப் அடியில் விறைத்து வெடித்திருக்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சற்று நேரம் பூட்டி இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழி ஓடினால் காற்று அதற்கு முந்தைய பக்கத்தில் எங்கோ புகுகிறது.

இன்னொருவர் வண்டியில் கைப்பம்பே இல்லையாம். தொட்டிக்குள் மின்பம்பு உள்ள வண்டியாக இருந்தால் செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்து, சில நொடி விட்டு, அணையுங்கள். நாலைந்து முறை செய்தால் டீசல் ஏறிவிடும்.