சேர் வாங்கப் போகிறீர்களா? முதலில் காலை அளந்துகொள்ளுங்கள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில், ‘எர்கோனாமிக்’ (உடம்புக்குப் பொருந்துவது) என்று ஸ்டிக்கர் ஒட்டிய ரோலிங் சேர் ஒன்று வாங்கினேன். கடையில் மெத்தென்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் வேலை பார்த்ததும் தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போக ஆரம்பித்தது. சேரை முழுக்க இறக்கினாலும் குதிகால் தரையில் படவில்லை. என் உயரம் 5 அடி 2 அங்குலம். அந்த சேர் வேறு யாருக்கோ செய்தது.

அம்மாபேட்டையில் குழித்தறி (குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் தறி) நெய்த எங்கள் தாத்தா, தன் கால் நீளம் பார்த்துத்தான் குழி வெட்டினாராம். பேத்திக்கு அந்தப் புத்தி பணம் கட்டிய பிறகுதான் வந்தது.

படி 1: வீட்டிலேயே அளவு

பாதம் தரையில் பதியும்படி ஒரு ஸ்டூலில் உட்காருங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை இஞ்ச் டேப் பிடியுங்கள். செருப்பு வேண்டாம், வீட்டில் வெறுங்காலோடுதானே உட்காருவோம். எனக்கு 15½ அங்குலம் வந்தது. சீட் அந்த உயரம் வரை இறங்க வேண்டும். கடையில் இருக்கும் பல சேர்கள் 17, 18 அங்குலத்தோடு நின்றுவிடும்.

படி 2: கடையில் விரல் சோதனை

முதுகு நன்றாகச் சாய்மானத்தில் படும்படி உள்ளே தள்ளி உட்காருங்கள். சீட்டின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லையா, சீட் உங்களுக்கு நீளம். நாளடைவில் முன்னால் நகர்ந்து, முதுகுக்குப் பிடிமானமே இல்லாமல் உட்காருவீர்கள். சீட்டை முன்பின் நகர்த்த லீவர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 3: முதுகு

இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கும் இடத்தில் சேரின் வளைவு வந்து உட்கார வேண்டும். அதை ஏற்றி இறக்க முடிந்தால் நல்லது. பிறகு பின்னால் சாயுங்கள். சீட்டும் சேர்ந்து அண்ணாந்து, கால் தரையை விட்டுக் கிளம்பினால் அது சாதா சேர். நல்ல சேரில் சாய்மானம் அதிகமாகவும் சீட் கொஞ்சமாகவும் சாயும்.

பத்து விநாடி சுகத்தை மட்டும் நம்பாதீர்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, இருபது நிமிஷம் உட்காருங்கள். குஷனை முழங்கையால் அழுத்திப் பாருங்கள். அடியில் பலகை தட்டினால் வேண்டாம். சேலம் வெயிலுக்கு ரெக்சின் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், மெஷ் (வலைத்துணி) வாங்கலாம். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை!

படி 4: ஸ்டிக்கர்

‘எர்கோனாமிக்’ என்று யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். ‘பிஃப்மா’ (அமெரிக்க ஃபர்னிச்சர் தயாரிப்பாளர் சங்கத்தின் தரச் சோதனை) என்று சொன்னால், சோதனை முழு சேருக்கா, சேரை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்டுக்கு மட்டுமா என்று கேளுங்கள். அதுவும் உறுதிக்கும் பாதுகாப்புக்குமான சோதனைதான். உங்கள் காலுக்குப் பொருந்துமா என்று அது சொல்லாது.

படி 5: மேஜை

ரெடிமேட் மேஜை பெரும்பாலும் 29, 30 அங்குலம். என் அளவுக்கு சேரை இறக்கி உட்கார்ந்தால் முழங்கை 24, 25 அங்குலத்தில் நிற்கிறது. டைப் அடித்தால் தோள் தூக்கிக்கொள்ளும். மேஜையை அறுக்க முடியாவிட்டால் முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்வரை சேரை ஏற்றி, காலுக்கு மணை போடுங்கள். நான் ஏற்காட்டில் கிடைத்த ஒரு சில்வர் ஓக் பலகையை இரண்டு செங்கல் மேல் வைத்திருக்கிறேன்.