பிரவுன் பேப்பர் பையில் புத்தகத்துக்கு அட்டை போடலாம், இன்னும் சிலதும் செய்யலாம்

கடையில் தரும் பிரவுன் பேப்பர் பைகள் எங்கள் வீட்டில் கதவிடுக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். அது கிராஃப்ட் காகிதம். ஜெர்மன் மொழியில் கிராஃப்ட் என்றால் வலு. மடித்தாலும் இழுத்தாலும் லேசில் கிழியாது. எண்ணெய்க் கறை இல்லாத பெரிய பையாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பையை விரிக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒட்டிய விளிம்பு ஒன்று இருக்கும். அதையொட்டியே வெட்டுங்கள். அடிப்பாகத்தையும் கைப்பிடியையும் வெட்டி நீக்கினால் பை ஒரே தாளாக விரியும். மடிப்புத் தடம் போக நீராவி இல்லாமல், மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். அச்சடித்த பக்கத்தில் தேய்க்க வேண்டாம், மை இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

புத்தகத்துக்கு அட்டை

1. அச்சுப் பக்கம் மேலே தெரியும்படி தாளை விரித்து, நடுவில் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். மேலும் கீழும் 4 செ.மீ., பக்கவாட்டில் 7 செ.மீ.யாவது மிஞ்ச வேண்டும்.
2. புத்தகத்தின் மேல், கீழ் விளிம்புகளை ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள்.
3. புத்தகத்தை எடுத்துவிட்டு, கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி உள்பக்கமாக மடியுங்கள். சரியாகக் கோட்டிலேயே மடித்தால் அட்டை உள்ளே நுழையாமல் அடம்பிடிக்கும்.
4. இடது ஓரத்தையும் உள்ளே மடித்தால் மேலும் கீழும் பை மாதிரி இடைவெளி கிடைக்கும். புத்தகத்தின் முன்னட்டையை அதற்குள் செருகுங்கள்.
5. இப்போது புத்தகத்தை மூடிவிட்டு, மறுபக்கம் எங்கே மடிக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மடித்துப் பின்னட்டையைச் செருகுங்கள்.

ஐந்தாவதில்தான் நான் முதல் தடவை கோட்டைவிட்டேன். புத்தகம் திறந்திருந்தபடியே இரண்டு பக்கமும் இழுத்து மடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, மூடப் போனால் முதுகுப் பக்கம் தாள் போதாமல் விறைத்துக்கொண்டு நின்றது. பசையும் டேப்பும் தேவையே இல்லை.

துணியில் சிந்திய மெழுகு

மெழுகு இறுகியதும் மேலாகச் சுரண்டி எடுங்கள். அச்சில்லாத துண்டுகளைத் துணிக்கு மேலும் கீழும் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் சில நொடிகள் அழுத்துங்கள். உருகிய மெழுகைக் காகிதம் உறிஞ்சிக்கொண்டு கரும்புள்ளியாகத் தெரியும். உடனே சுத்தமான இடத்துக்குத் தாளை நகர்த்துங்கள், இல்லாவிட்டால் மெழுகு துணிக்கே திரும்பிவிடும். சாயமிட்ட மெழுகு என்றால் நிறம் கொஞ்சம் தங்கலாம்.

காய் பழுக்க

வெட்டாத பையே போதும். காயோடு ஒரு வாழைப்பழத்தைப் போட்டு வாயை மடித்து வையுங்கள். பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளேயே தங்கிப் பழுப்பதை வேகப்படுத்தும். ஈரமோ காகிதம் வழியே வெளியேறிவிடும். பிளாஸ்டிக் பையில் வேர்த்து அழுகத்தான் செய்யும். தினமும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், இந்தப் பைகளை மைக்ரோவேவுக்குள் மட்டும் வைக்காதீர்கள், தீப்பிடிக்கலாம்.