கொங்குல இருந்து சுனௌலி பார்டர் வழியா நேபாளம் போறது எப்படி

கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரங்க லும்பினி, பொக்கரா போறதுக்கு ப்ளைட்டே வேணும்னு இல்லீங்க, ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் நம்மூர் வழியாத்தான் கோரக்பூர் போகுது, அங்க எறங்கி பஸ் புடிச்சா மூணு மணி நேரம் போல சுனௌலி, ஒரே கடைவீதி மாதிரி சின்ன ஊரு, கேட்டைத் தாண்டி நடந்தீங்கன்னா அக்கட்ட பெலஹியா, நேபாளம்.

முக்கியமா ஐடி. நமக்கு விசா வேண்டாம், ஆனா பாஸ்போர்ட் இல்லீன்னா ஓட்டர் ஐடி ஒரிஜினல் கையில இருக்கோணும், ஆதாரை மட்டும் நம்பிக் கெளம்பிராதீங்க, வயசான அப்பாரு அம்மாயியக் கூட்டிட்டுப் போறவங்க இதை வீட்லயே சரிபாத்துக்கோங்க.

காசு, நம்ம 100 ரூபா அங்க 160. கையில 100 ரூபா நோட்டா வெச்சுக்கறது நல்லது. விலை சொன்னா ஐசியா என்சியான்னு கேட்டுக்கோங்க, ஐசின்னா நம்ம காசு, என்சின்னா நேபாள காசு, கேக்காம குடுத்தா நஷ்டம் நமக்குத்தானுங்க.

சொந்த கார்ல போறவங்க பெலஹியாவுல பன்சார்ங்கற சுங்க ரசீது போடோணும், நாள் கணக்குல கட்டணம், ஒரு நாள் சேத்தியே கட்டிருங்க. அங்க மணி நம்மளவிட 15 நிமிசம் முன்னாடி, பஸ் டைம் பாக்கறப்ப ஞாபகம் வெச்சுக்கோங்க.