சயாம் மரண ரயில்பாதை: காஞ்சனபுரிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பாங்காக்கிலிருந்து காலையில் வேனில் காஞ்சனபுரிக்குக் கிளம்பி, குவே ஆற்றுப் பாலத்தில் படம் எடுத்து, ஆற்றோர ஓட்டலில் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடும் ஒருநாள் சுற்றுலாவைத்தான் பெரும்பாலானவர்கள் வாங்குகிறார்கள். அதில் ரயில்பாதையைப் பார்ப்பது சொற்பம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் போட்ட இந்தப் பாதை மொத்தம் 415 கிலோமீட்டர். தாய்லாந்தில் பான் பொங் அருகே நொங் பிளாடுக்கில் தொடங்கி, பர்மாவில் தன்பியூசயாத் வரை போனது. 1942 நடுவில் வேலை ஆரம்பித்தது. இரு பக்கத்துத் தண்டவாளங்களும் 1943 அக்டோபர் 17 அன்று ஒன்று சேர்ந்தன. ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் இதில் வேலை செய்தார்கள்; 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பர்மியர், மலாயாத் தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவானியர் என்று பிடித்து வரப்பட்ட ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் அளவில் இருந்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் என்பது ஒரு மதிப்பீடுதான். அந்தக் காலத்தில் யாரும் அவர்களை எண்ணவில்லை.

மலாயாவிலிருந்து போனவர்களில் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்களே மிகுதி. ஆகவே தமிழர்கள் அங்கே போகும்போது வெறும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் சரியான இடம் தெரியாமல் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம்.

பாலத்தோடு நின்றுவிடுவது

1957-ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (குவே ஆற்றுப் பாலம்) என்ற ஹாலிவுட் படத்தால் அந்தப் பாலத்துக்கு உலகப் பெயர் கிடைத்தது. படத்தில் வரும் பாலம் தாய்லாந்தில் இல்லை. இலங்கையில் கித்துல்கலவில், களனி ஆற்றின் மேல் கட்டி வெடிக்க வைத்தது. காஞ்சனபுரியில் இருப்பது இரும்புப் பாலம். அதுவும் படத்துக்குப் பிறகுதான் பெயருக்குப் பொருந்தி வந்தது. பாலம் நிற்பது அன்றைய மே குளோங் ஆற்றின் மேல். சுற்றுலாப் பயணிகள் வந்து கேட்கத் தொடங்கியபின், 1960-களில் அந்தப் பகுதிக்கு குவே யாய் என்று பெயர் வைத்தார்கள்.

பாலத்தில் எது பழசு என்று பார்க்கத் தெரிந்தால் அரை மணி நேரம் பயனாகும். மேலே வளைவாகத் தெரியும் இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த அசல். நடுவில் கோணலாக, பெட்டி மாதிரி இருக்கும் இரண்டும் 1945-ல் குண்டு விழுந்த இடத்தில் போருக்குப் பின் ஜப்பானிலிருந்து வந்து மாட்டியவை. இதே ஆற்றில் கொஞ்சம் கீழே முதலில் ஒரு மரப்பாலமும் இருந்தது. பாலத்தில் ரயில் இன்றும் போகிறது. நடந்து போகும்போது ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு மேடைகளைக் கவனித்து வையுங்கள். ரயில் வந்தால் ஒதுங்க வேண்டிய இடம் அதுதான். மெதுவாகத்தான் வரும் என்றாலும் கடைசி நிமிடத்தில் ஓடுகிற கூட்டத்தில் சேர வேண்டாம்.

'இந்தப் பாலத்தில்தான் ஆயிரக்கணக்கானவர் செத்தார்கள்' என்று படகுக்காரர் முதல் எல்லோரும் சொல்வார்கள். பாலம் கட்டிய தாமர்க்கான் முகாமில், கர்னல் ஃபிலிப் டூசியின் பொறுப்பில் இருந்த கைதிகளில் இறந்தவர்கள் ஒப்பீட்டில் மிகக் குறைவு. சாவு விழுந்தது மேலே, காட்டில். மழையில் லாரி வராமல் அரிசி நின்றுபோன 1943 மே முதல் ஆகஸ்ட் வரை, கொன்யூ, ஹின்டொக், நீக்கே, சொங்குராய் முகாம்களில். சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய 'எஃப் ஃபோர்ஸ்' என்ற 7,000 கைதிகளில் சுமார் 3,100 பேர் திரும்பவில்லை. அவர்கள் பக்கத்திலேயே இருந்த தமிழ்த் தொழிலாளர் முகாம்களில் டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது. வாந்திபேதி வந்தபோது ஒரு குடிசை மொத்தமும் காலியானது உண்டு.

இன்னொன்று, 'ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர்' என்ற வசனம். மீட்டர் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் கட்டை வேண்டும். 415 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் நாலு லட்சத்தைத் தாண்டும். உண்மையான எண்ணிக்கையே போதுமான அளவு கொடுமையானது. ஊதிச் சொல்லும்போது நம்மவர் சாவின் கணக்கையும் சேர்த்து யாரும் நம்பாமல் போகிறார்கள்.

ரயில்: தப்பான ஸ்டேஷன், தப்பான வரிசை

பாங்காக்கின் பெரிய ஸ்டேஷனுக்குப் போய் நிற்பது முதல் தவறு. காஞ்சனபுரி வழியாக, இன்று பாதை முடியும் 'நாம் டோக்' ஊருக்குப் போகும் சாதாரண ரயில், ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள தோன்புரி ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது. காலை எட்டு மணிக்குச் சற்று முன் ஒன்று, பிற்பகல் இரண்டு மணி வாக்கில் ஒன்று. மூன்றாம் வகுப்பு, ஏசி கிடையாது, ஜன்னல் திறந்திருக்கும். வெளிநாட்டவருக்கு எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 100 பாட். அட்டவணை அவ்வப்போது மாறும்; முந்தைய நாள் காஞ்சனபுரி ஸ்டேஷன் பலகையில் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது தவறு வரிசை. காலை ரயில் காஞ்சனபுரியில் பத்தரை வாக்கில் வந்து, நாம் டோக்கில் பன்னிரண்டரை மணி தாண்டி நிற்கும். அதே வண்டி இருபது நிமிடத்தில் திரும்பிவிடும். அதில் போய், ஹெல்ஃபயர் பாஸ் (நரகத்தீக் கணவாய்) என்ற பாறைக் குடைவைப் பார்த்துவிட்டு அதே ரயிலில் வருவது நடக்காது. நாம் டோக்கிலிருந்து அங்கே இன்னும் சுமார் 18 கிலோமீட்டர். நடந்து போகும் தூரமுமல்ல.

மாற்றிச் செய்யுங்கள். காலை ஏழு, எட்டு மணிக்குள் காஞ்சனபுரி பஸ் ஸ்டாண்டில் 323-ஆம் நெடுஞ்சாலையில் தொங் பா பும், சங்க்லாபுரி பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்து, ஹெல்ஃபயர் பாஸ் வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே இரண்டரை, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு அதே சாலையில் பஸ்ஸோ வாடகை வண்டியோ பிடித்து நாம் டோக்குக்கு வந்து, பிற்பகல் மூன்றரை வாக்கில் புறப்படும் ரயிலில் காஞ்சனபுரிக்குத் திரும்பலாம். அந்த ரயிலை விட்டால் சாலைதான் கதி. நெடுஞ்சாலையில் கடைசி பஸ் மாலை ஐந்துக்கு முன்னாலேயே போய்விடுவதால், இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். வண்டி வாடகைக்கு எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை. நாலு பேர் இருந்தால் அதுவே லாபம்.

உட்காரும் பக்கமும் முக்கியம். நாம் டோக் போகும்போது இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். தம் கிராசேயில் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே மரக்கால்கள் மேல் சில நூறு மீட்டர் பாதை போகிறது. அது அந்தப் பக்கத்தில்தான் தெரியும். அங்கே இறங்கி நடக்க ஆசைப்படுகிறவர்கள் அடுத்த ரயில் பல மணி நேரம் கழித்து என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஹெல்ஃபயர் பாஸை மேலிருந்து பார்ப்பது

கொன்யூ குடைவு என்பது இதன் இன்னொரு பெயர். ஆஸ்திரேலிய அரசு 1998-ல் திறந்த விளக்க மையமும் அருங்காட்சியகமும் இங்கே உள்ளன. நுழைவு இலவசம், காலை 9 முதல் மாலை 4 வரை. நிலம் தாய் ராணுவத்துடையது, ஆகவே வாசலில் வண்டியை நிறுத்திக் கேட்டால் பதற வேண்டாம். ஆடியோ கருவியைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டு நடந்தால்தான் இடம் புரியும்.

பலரும் மையத்தின் மாடத்திலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். படிகள் இறங்கி பாறை நடுவே போய் நின்றால்தான் விஷயம் தெரியும். குடைவில் ஆழமான பகுதி சுமார் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் உயரம். சுவர்களில் நெடுக அரைவட்டக் குழல் மாதிரி தடங்கள் தெரியும், கை வைத்தால் விரல் பொருந்தும். அவை வெடிமருந்துத் துளைகள். ஒருவர் இரும்பு உளியை நட்டுப் பிடித்து ஒவ்வோர் அடிக்கும் சற்றே திருப்ப, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். நடுநடுவே தண்ணீர் ஊற்றி, கம்பிக் கரண்டியால் பாறைத்தூளைச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு ஜோடிக்கு ஆரம்பத்தில் நாளுக்கு ஒரு மீட்டர் அளவு வேலை. பின்னால் அது இரண்டு, மூன்று மீட்டர் ஆனது. பிறகு வெடி. சிதறிய கல்லைக் கூடையில் சுமப்பது. 1943 ஏப்ரல் 25-ல் ஆரம்பித்துப் பன்னிரண்டு வாரம் அளவில் முடிந்த இந்தக் குடைவுக்கு ராத்திரியிலும் தீப்பந்தம் வைத்து வேலை வாங்கியதால்தான் ஹெல்ஃபயர் என்ற பெயர். துளையில் உடைந்து மாட்டிக்கொண்ட ஓர் உளித்துண்டு இன்னும் சுவரில் இருக்கிறது. பொறுமையாகத் தேடினால் கண்ணில் படும்.

காலணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். தரையில் கிடப்பது பழைய ஜல்லி; ரப்பர் செருப்பு அதில் நழுவும். குடைவுக்கு அப்பால் பாதையின் தடத்திலேயே சில கிலோமீட்டர் நடக்கலாம். போகுமுன் எதுவரை திறந்திருக்கிறது என்று மையத்தில் கேளுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். நடுவில் கடை இல்லை. ஆணி, ஜல்லி எதையும் எடுத்து வராதீர்கள். பாட்டுப் போடுவதும் வேண்டாம்; பக்கத்தில் நிற்கிறவர் தன் தாத்தாவுக்காக வந்திருக்கலாம்.

போர்க் கல்லறையில் தமிழ்ப் பெயர் தேடுவது

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். காஞ்சனபுரி ஸ்டேஷனுக்கு எதிரே அழகாகப் பராமரிக்கப்படும் போர்க் கல்லறையில் 6,982 பேர் இருக்கிறார்கள்: காமன்வெல்த் படையினரும் டச்சுக்காரர்களும். தோட்டத் தொழிலாளர் ஒருவரும் இல்லை. வாசல் கட்டடத்தில் பிரிக்கப்படாத இந்தியாவின் படையினர் 11 பேரின் பெயர் இருக்கிறது. அவர்கள் தாய்லாந்தின் முஸ்லிம் மையவாடிகளில் அடக்கமானவர்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. ஆற்றுக்கு அப்பால் சுங்காய் கல்லறையும் இப்படியே.

காரணம் எளிது. கைதிகளின் அதிகாரிகள் ரகசியமாகக் குறிப்பு எழுதி ஒளித்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில் ஒரு குழு பாதை நெடுகப் போய் 144 இடங்களில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. கிடைக்காமல் போனவை 52 மட்டும். தொழிலாளர்களுக்கு அப்படிப் பதிவு எழுத ஆளும் இல்லை, தேடிப் போன குழுவும் இல்லை. எரித்தார்கள், அல்லது முகாம் ஓரத்தில் குழி வெட்டிப் போட்டார்கள். ஆகவே 'எங்கள் தாத்தா பெயர் எங்கே?' என்று அருங்காட்சியக மேசையில் கேட்டால் பதில் கிடைக்காது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே எந்தத் தோட்டம், எந்த மாதம் கூட்டிப் போனார்கள், கூடப் போய்த் திரும்பியவர் யார், எந்த முகாமின் பெயரைச் சொன்னார் என்று கேட்டு எழுதி வையுங்கள். முகாமின் பெயர் ஒன்று கிடைத்தால், அது பாதையின் எத்தனையாவது கிலோமீட்டர் என்று பார்த்து அந்த இடத்துக்கே போகலாம்.

நகரில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, போர்க் கல்லறையிலிருந்து நடை தூரத்தில் உள்ள வாட் தாவோன் வராராம் கோயில். 1990-ல் நகரத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றில் தோண்டும்போது நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. அந்தக் கோயிலில் ஆசியத் தொழிலாளர் நினைவிடம் இருக்கிறது. தமிழர்களுக்காக 2023-ல் ஒரு நடுகல்லும் நட்டார்கள். வேன் சுற்றுலாவில் இது வராது, தனியாகத்தான் போக வேண்டும். பூவோ விளக்கோ வைப்பதானால் கோயிலில் ஒரு வார்த்தை கேட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று, பாலத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜப்பானிய ராணுவமே 1944-ல் எழுப்பிய நினைவுத்தூண். பலமொழிக் கல்வெட்டுகளில் தமிழும் ஒன்று. வேலை வாங்கிக் கொன்றவர்களே வைத்த கல் என்பதை மறக்காமல் படிக்க வேண்டிய தமிழ் அது.

அருங்காட்சியகங்களில் குழப்பம்

நகரில் மூன்று இருக்கின்றன, பெயர்ப் பலகைகளும் ஒன்றுபோல் தெரியும். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் போர்க் கல்லறையை ஒட்டியிருக்கும் 'தாய்லாந்து-பர்மா ரயில்வே சென்டர்' போங்கள். 2003-ல் ரோட் பீட்டி தொடங்கியது. வரைபடம், முகாம் விவரம், தொழிலாளர்களைப் பற்றிய பகுதி எல்லாம் ஒழுங்காக இருக்கும். கல்லறைக்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். வாட் சாய் சும்போனில் உள்ள 'ஜீத்' அருங்காட்சியகம் 1977-ல் முகாம் குடிசை போலவே மூங்கிலில் கட்டியது. ஒரு மணி நேரம் போதும். பாலத்தை ஒட்டியிருக்கும் தனியார் அருங்காட்சியகம் வேறு ரகம், ரயில்பாதைக்குச் சம்பந்தமில்லாத பொருட்களும் கலந்து கிடக்கும்.

எப்போது போகக் கூடாது

ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஏப்ரல் 25 ஆஸ்திரேலியர்களின் நினைவு நாள். விடியலில் ஹெல்ஃபயர் பாஸிலும், பிறகு போர்க் கல்லறையிலும் அஞ்சலி நடக்கும். அதற்காகவே போனால் சரி, சும்மா பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். நவம்பர் கடைசியில் பால விழா. ஒளி-ஒலிக் காட்சி, பொருட்காட்சிக் கடைகள் என்று ஊர் நிறைந்திருக்கும், அறை கிடைக்காது. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை சௌகரியம். மழைக்காலத்தில் படிகள் வழுக்கும்.

கடைசியாக, எல்லை வரை ரயிலில் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: போருக்குப் பின் பிரிட்டிஷார் எல்லையோரத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். தாய்லாந்து ரயில்வே நாம் டோக் வரை மட்டும் 1958-க்குள் சரிசெய்து ஓட்டுகிறது. அதற்கு அப்பால் ஒரு பகுதி 1980-களில் கட்டிய காவ் லாயெம் அணையின் நீருக்குள் போய்விட்டது. எல்லையில் உள்ள மூன்று பகோடாக் கணவாயில் மூன்று சிறு வெள்ளை ஸ்தூபிகளும் கடைகளும்தான். அங்கிருந்து கடந்து தன்பியூசயாத் கல்லறைக்குப் போய்விடலாம் என்று திட்டமிட வேண்டாம். அது பர்மாவின் மாவ்லமையின் பக்கம், தனி விசாவும் தனிப் பயணமும் வேண்டியது, அங்கே உள்நாட்டுச் சண்டை நடக்கும்வரை போகாமலிருப்பதே நல்லது. கணவாய்க்கே போவதானால் காஞ்சனபுரியிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல். சங்க்லாபுரியில் ஓர் இரவு தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வழியில்தான் நீக்கே, சொங்குராய் முகாம்கள் இருந்த காடு வருகிறது.